வரவு

ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் போதும் என்றார்கள்.
போதகர்களின் பெயர், வந்த வருடம், போன வருடம்,
அடிக்கல் நாட்டியபோது எடுத்த படம் ஒன்று.
நான் சபையின் கணக்குப்பிள்ளை.
என்னிடம் தந்தது அலமாரிச் சாவியும்
கரப்பான் அரித்த பதினேழு பேரேடுகளும்.

போதகர்கள் இவற்றில் அதிகம் இல்லை.
மண்ணெண்ணெய் இருக்கிறது.
சிலேட்டு பன்னிரண்டு, சுண்ணக்கட்டி ஒரு பெட்டி:
தஞ்சோங் பகாரில் கப்பலுக்குக் கரி ஏற்றிவிட்டு
இரவு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு
அ, ஆ சொல்லித்தந்த செலவு.
அடுத்த வரியிலேயே சவர்க்காரம்.
யாரோ சிலேட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரம்பு நாற்காலி எட்டு, முன்வரிசை,
யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களுக்கு.
பின்வரிசைக்குப் பலகை.
இதையும் மலரில் போடலாமா என்று கேட்டேன்.
தலைவர் இருமினார்.

பிறகு ஜப்பான்காரன் காலத்து ஏடு.
மை நீர்த்துப்போய், தாளின் மறுபக்கமும் நிரம்பி.
வாழைமர நோட்டில் காணிக்கை
நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று வீங்குகிறது;
செலவில் மரவள்ளிக்கிழங்கு மட்டும்.
சந்தாப் பட்டியலில் ஒன்பது பேர்,
சயாமில் ரயில் பாதை போட
லாரியில் ஏற்றிக்கொண்டுபோனவர்கள்.
பொருளாளர் ஏசுவடியான்
மாதாமாதம் ஒன்பது பெயரையும் எழுதி
நேரே ஒற்றைச் சொல்:
வரவில்லை.

அந்தக் காலத்து லை, தும்பிக்கை தூக்கிய லை.
பக்கம் முழுக்க ஒன்பது யானைகள்
வரிசையாக எங்கோ நடந்துபோகின்றன.

வராதது பணமா, ஆளா?
பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

சண்டை முடிந்தும் எழுதுகிறார்.
நாற்பத்தாறு மார்ச்,
ஸ்தேவான் பொன்னையா என்ற பெயருக்கு நேரே
ஐம்பது காசு வரவு.
அதன் கீழே கோடு, இன்னொரு கோடு,
மூன்றாவதில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
மற்ற எட்டுப் பேரும்
ஐம்பத்தொன்று வரை வரவில்லை.
அதன்பின் கையெழுத்து மாறுகிறது.
புதியவர் எட்டையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
அவருக்குக் கூரை ஒழுகியது.

‘இதர செலவு’ என்ற பத்தியில்தான்
சபை குடியிருந்திருக்கிறது.
பிரசவத்துக்கு டாக்சி.
தையல் இயந்திரம், ஏழாம் தவணை.
ஒரு மகனைப் போலீசிலிருந்து மீட்க, பெயர் மை பூசி.
புக்கிட் ஹோ ஸ்வீ எரிந்த இரவு
ரொட்டி, டின்பால், பாய் எண்பது.
படுத்தவர்களில் ஒருவர்கூட நம்மவர் இல்லை.
திரும்பி வந்த பாய் அறுபத்திரண்டு.
பின்னொரு நாள் சாலை அகலமாகி நம் நிலம் போனபோது
கீழ்த்தளத்தைத் தந்தது ஹொக்கியன் சபை;
மின்கட்டணம் இன்றும் பாதிக்குப் பாதி.
பாய்க் கணக்கு அவர்களுக்குத் தெரியுமா,
நான் கேட்டதில்லை.

கடைசி ஏடு காகிதத்தில் இல்லை.
தொற்றுக் காலத்தில் துவாஸ் விடுதிக்கு
சிம் அட்டை நாற்பது, புளியோதரை இருநூறு பொட்டலம்.
அதைத் தின்றவர்களில் ஒருவன் செங்குட்டுவன்,
அறந்தாங்கிக்காரன்.
கதவு திறந்தபின் ஞாயிறு மாலை ஆங்கில வகுப்புக்கு வந்தான்
நெற்றித் திருநீற்றோடு.
வேண்டாம் என்றாலும் தட்டில் இரண்டு வெள்ளி போடுவான்,
ரசீது கேட்பான்.
மூன்று வாரமாகக் காணோம்.
தொலைபேசி அணைந்திருக்கிறது.
விடுதியில் கேட்டால், வேறு கம்பெனி என்கிறார்கள்,
ஊருக்கு என்கிறார்கள்.

அவன் பெயருக்கு நேரே தட்டச்சினேன்.
கட்டம் சிவந்தது: எண் மட்டுமே ஏற்கப்படும்.
சுழியம் போடலாம், அதற்குத் தடை இல்லை.

தாளாக அச்செடுத்து
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்.
பள்ளியில் நான் படிக்காத லை,
கை தானாகத் தும்பிக்கையைத் தூக்கியது.

மணி பதினொன்று.
மாடியில் ஹொக்கியனில் பாட்டு ஒத்திகை.
மலருக்கு இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி.